மாடி வீட்டு டிரம்பெட்

போதகர்: ...ஆகவே பிரியமானவர்களே, எல்லாரையும், எந்த நிபந்தனையும் இல்லாமல் நேசிக்க...

மனைவி: இருங்க. அங்கியெல்லாம் போட்டு பிரசங்க ஒத்திகை பாக்குறீங்களே, எல்லாரையும்னா மாடி வீட்டுக்காரரையுமா?

போதகர்: வசனத்துல 'பிறன்'னுதான் இருக்கு. 'தலைக்கு மேல நின்னு டிரம்பெட் ஊதுறவன்'னு இல்ல.

மனைவி: அவரும் பிறந்தவர்தானே?

போதகர்: பிறந்திருப்பார். ஊதிக்கிட்டே பிறந்திருப்பார். நேரமாச்சு, கேளு... "நம்மை நோகடிக்கிறவனையும்..."

மனைவி: ஆமா, ரெண்டு நாளா மேல சத்தமே இல்லையே?

போதகர்: அப்படியா? நான்... கவனிக்கல.

மனைவி: கவனிக்கலையா! ஒரு 'பீப்' கேட்டாலே விளக்குமாத்தால கூரையை இடிப்பீங்களே.

போதகர்: அது ஒட்டடை அடிச்சது.

மனைவி: பாவம்ங்க. இன்னிக்கு சாயங்காலம் பேண்டு கோஷ்டியில அவருக்குத் தேர்வு. ஜெயிச்சாத்தான் வேலை.

போதகர்: தேர்வா? இன்னிக்கா?

மனைவி: வாய் வச்சு ஊதுற முனை இருக்கே, அதை மாடிப்படியில தொலைச்சுட்டாராம். அது இல்லாம ஊதினா வெறும் காத்துதான் வரும்.

போதகர்: ஐயையோ...

மனைவி: ஏன் இப்படி வேர்க்குது?

போதகர்: அங்கி... கனம்.

மனைவி: அங்கிப் பைக்குள்ள என்னத்தைத் தேடுறீங்க?

போதகர்: கைக்குட்டை... சரி, சொல்லிடறேன். படியில கிடந்துச்சு. எடுத்தேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்! அன்பைப் பத்தி எழுதணும்னா அமைதி வேணுமா இல்லையா?

மனைவி: திருடியிருக்கீங்க.

போதகர்: பத்திரப்படுத்தியிருக்கேன். இப்பவே மேல போய் மன்னிப்பு கேட்டு... ஆமா, பைக்குள்ள இது என்னது?

மனைவி: புனல். நம்ம எண்ணெய்ப் புனல்.

போதகர்: முனை எங்க?

மனைவி: அன்னிக்கே எடுத்துக் கொடுத்துட்டேன். பை காலியா இருந்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு இதைப் போட்டேன்.

போதகர்: நான்தான் எடுத்தேன்னு அவருக்கு...?

மனைவி: தெரியும். சிரிச்சார்.

போதகர்: அப்ப முனை கையில இருந்தும், ரெண்டு நாளா ஏன் ஊதல?

மனைவி: யார் சொன்னா ஊதலன்னு? 'ஐயா அன்பைப் பத்தி எழுதுறார், நாம கெடுக்கக் கூடாது'ன்னு தலையணைக்குள்ள விட்டு ஊதிக்கிட்டிருக்கார்.