ஷீப் தெருவில் பதினோரு கதவுகள்

நவம்பர் மாதம். மாலை ஐந்தரை மணிதான்... ஆனால் இருட்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சந்தைக் கடைகளைப் பிரித்து ஏற்றிக்கொண்டு வண்டிகள் போய்விட்டன. மாதா கோவில் மதிலை ஒட்டி ஷீப் தெருவுக்குப் போகிற அந்தக் குறுக்குச் சந்தில் ஒரே ஒரு மனிதர். நம் தோழி, ப்ரெண்டா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளுடைய மாமா. டெஸ்மண்ட் பார்ஜிட்டர்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைப் பார்க்க வேண்டாம்.

நம் வெக்ஸ்போர்ன் ஊரில் பார்ஜிட்டர் குடும்பம் என்றால் ஒரு மரியாதை. ஏழு தலைமுறையாக ஷீப் தெருவில் அதே முதல் வீடு. டெஸ்மண்ட் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவர் வேறு. எந்தக் கல்லை யார் நட்டார், எந்தச் சாராயக் கடை எப்போது எரிந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அன்றைக்குச் சந்தை மண்டபத்துத் தூணில் புதிதாக ஒரு கல்வெட்டைத் திறந்துவைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். எழுதிக் கொடுத்ததும் அவரேதான்.

‘1861 நவம்பர் பனியில், பெயர் தெரியாத நாடோடிப் பெண் ஒருத்தி இங்கே இறந்தாள்.’

கூட்டத்தில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கேட்டாள். “பாவம், பேருகூடவா தெரியல?”

“எந்தப் பதிவும் இல்லம்மா. நான் தேடாத இடமில்ல” என்றார் டெஸ்மண்ட்.

பொய். பச்சைப் பொய்.

பதிவு அவருடைய மேசை டிராயரில் இருந்தது. அந்தக் காலத்துக் காவல்காரன் ஒருவனின் குறிப்புப் புத்தகம். பெண்ணின் பெயர் தமஸின் ரட்ஜ். வயது பதிமூன்று. அக்டோபரில் நம் ஊரில் ராட்டினமும் பஞ்சு மிட்டாயுமாக மாப்புச் சந்தை நடக்கிறதே, அப்போதெல்லாம் அது ஆள் பிடிக்கிற சந்தை. வேலை தேடுகிறவர்கள் அவரவர் தொழிலுக்கு ஓர் அடையாளத்தோடு வரிசையாக நிற்பார்கள். ஆடு மேய்ப்பவன் சட்டையில் கம்பளி மயிர். வீட்டு வேலைக்காரி கையில் தரை துடைக்கிற மாப்பு. எஜமானர்களுக்குப் பிடித்தால் சட்டையில் ரிப்பன் குத்திக் கூட்டிப் போவார்கள். ஒரு வருடம் முடியாமல் வெளியே வர முடியாது. ஓடினால் சட்டம் பிடித்து இழுத்து வரும். ஓடி வந்தவளுக்குக் கதவு திறந்தவனுக்கும் தொல்லை.

தமஸின் ஆறு வாரம்தான் தாங்கினாள். பண்ணைக்காரனின் அடி பொறுக்காமல், மாப்பும் கையுமாக, பனியில் ஆறு மைல் நடந்து வந்தாள். ஷீப் தெருவில் பதினோரு வீடு. பதினொன்றையும் தட்டினாள். காலையில் சந்தை மண்டபத்தில் விறைத்துக் கிடந்தாள். முதல் வீட்டு ஜோசையா பார்ஜிட்டர் சொன்ன வாக்குமூலமும் அதே புத்தகத்தில் இருந்தது. ‘யாரோ தட்டுவதாக மனைவி சொன்னாள். காற்று, யாருமில்லை என்றேன்.’

ஜோசையா, டெஸ்மண்டின் எள்ளுத்தாத்தா.

அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து மனுஷனுக்கு வெட்கம். அதை வெளியே சொல்ல அதைவிட வெட்கம். டிராயரைப் பூட்டினார்.

இப்போது சந்தில் நடக்கிறார். பின்னால் ஒரு சத்தம்.

சளக்... சரக்... சளக்...

ஈரத் துணியைக் கல்லில் இழுப்பது போல. நின்றால் நிற்கிறது. நடந்தால் வருகிறது. கூடவே ஒரு வாடை... சாம்பல் போட்டுக் காய்ச்சிய பழைய காலத்துச் சோப்பு, ஊறிப்போன கம்பளி. திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஓட்டமாக ஓடி, வீட்டுக்குள் நுழைந்து, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டார்.

அடுக்களையில் மனைவி மோரீன் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

கதவின் பாதி உயரத்தில் கேட்டது. சின்னக் கை.

“டெஸ், யாரோ தட்றாங்க. போய்ப் பாரேன்.”

“காத்துடி. யாரும் இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அதே சொல். அதே வாசல். காது மடல்வரை சூடேறியது. இப்போதாவது திறக்கலாம்... கை தாழ்ப்பாள்வரை போயிற்று. அங்கேயே நின்றது.

சளக்... சரக்... பக்கத்து வீட்டில் டக், டக், டக். அதற்கடுத்த வீட்டில். ஜன்னல்களில் டிவி வெளிச்சம் இருந்தது. பதினோராவது வீடுவரை அவர் காதால் எண்ணினார். ஒரு கதவும் திறக்கவில்லை.

காலையில் மோரீன் கத்தினாள். “ஒரு தட்டு கழுவச் சொன்னா முழங்கால் வலிம்ப! ராத்திரியோட ராத்திரியா தரையத் துடைச்சிருக்க?”

வாசல்படி ஈரம். நடை ஈரம். மாடிப்படி ஈரம். டெஸ்மண்டின் கட்டில் கால்வரை சுத்தமாகத் துடைத்திருந்தது. அந்தச் சோப்பு வாடை.

மறுநாளும். அதற்கு மறுநாளும். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

நான்காம் நாள் அவருக்குப் புரிந்தது. அவள் பழிவாங்க வரவில்லை. ஒரு வருட வேலைக்குப் பேசிவிட்டு ஆறு வாரத்தில் ஓடி வந்தவள்... மிச்ச வேலையைச் செய்துவிட்டால் உள்ளே விடுவார்கள் என்று நினைக்கிறாள். பதிமூன்று வயதுக் குழந்தைக்கு வேறென்ன தெரியும்? டெஸ்மண்ட் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார். அவமானத்தில் அழுதார்.

பத்தொன்பதாம் நாள் சங்கத்துப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். பெயர், வயது, பதினோரு கதவு, ஜோசையா சொன்னது. கீழே தன் கையால், ‘எனக்கும் கேட்டது. நானும் திறக்கவில்லை. டெஸ்மண்ட் பார்ஜிட்டர்.’

தெருவே சண்டைக்கு வந்தது. “உங்க வீட்டு அழுக்க நீ அலசு. எங்க கதவ எதுக்குய்யா இழுக்குற? எங்களுக்கு ஒண்ணும் கேக்கல” என்றார் இரண்டாம் வீட்டு நார்மன்.

மறுநாள் காலை டெஸ்மண்ட் வீட்டுத் தரை காய்ந்திருந்தது.

நார்மன் வீட்டுப் படி ஈரமாக இருந்தது.

நார்மன் ஒரு வாரம் தாங்கினார். பிறகு அந்தத் தாளில் அவர் கையெழுத்தும் வந்தது, ‘எனக்கும் கேட்டது’ என்று. அடுத்து மூன்றாம் வீடு. ஒருத்தி இரண்டு மாதம் வீம்பாக இருந்தாள். கடைசியில் அவளும் எழுதினாள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சந்தையில் முட்டைக்கோஸைப் பார்த்தபடியே வணக்கம் சொல்லிக்கொள்கிறோம்.

இந்த வீடு எத்தனையாவது என்று உங்களுக்குத் தெரியும். கடைசி வீடு.

அன்றைக்கு இங்கேயும் தட்டினாள். மூன்று தட்டு. எனக்கு நன்றாகக் கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தாளிலும் எழுதவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றேன்.

நேற்று மாலை பத்தாம் வீட்டுக்காரர் போய் எழுதிவிட்டு வந்தார்.

இன்று காலை அவர் வீட்டுப் படி காய்ந்திருந்தது.