ஏரித் திட்டை வென்ற வக்கீல் சம்பங்கி

மேடையிலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஆண்டர்சன்பேட்டை வாசகசாலை அங்கத்தினர்களே! ஷிப்டு முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் சுரங்கத் தொழிலாளர்களே! தாய்மார்களே! வக்கீல் சம்பங்கி அவர்கள் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரும் இந்தத் தாமோதரனும் ஒரே அறையில், ஒரே மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து தொழில் பார்த்தவர்கள். கட்சிக்காரர்கள் என்னைத் தாண்டித்தான் அவரிடம் போவார்கள். எனக்கு வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது. இன்று இந்தக் கூட்டத்தைப் பார்க்கும்போதும் எரிகிறது.

ஏரித் திட்டு வழக்கை மறந்தவர் உண்டா? ஏரிக்கு இக்கரை மைசூர் ராஜ்யம், அக்கரை சென்னை ராஜதானி. நடுவில் இருக்கும் திட்டு யாருடையது? பிளேக் கண்ட வருஷத்தில் நம் பிணங்களுக்கு எந்த இடுகாட்டிலும் இடம் தராதபோது, அந்தத் திட்டில்தான் புதைத்தோம். இதோ நிற்கிறாரே ரத்தினம்மா, அவருடைய வீட்டுக்காரர் அங்கேதான் கிடக்கிறார். சில வருஷம் கழித்து அக்கரைக்காரர்கள், திட்டு எங்களுடையது, உழப்போகிறோம் என்றார்கள். நாம் மனுப் போட்டோம்; இரு சர்க்கார் அதிகாரிகளும் சேர்ந்து விசாரிக்க வந்தார்கள்.

அப்போது நம்மவர்கள் செய்த காரியம் இருக்கிறதே! சுரங்கக் கம்பெனி முளையடித்தால் பூமி கம்பெனியுடையது என்று பார்த்துப் பழகியவர்கள். விசாரணைக்கு முந்தின நாள் திட்டைச் சுற்றி முளையடித்துவிட்டார்கள்! தகராறு பிறந்த பிறகு செய்துகொண்ட அடையாளம் சாட்சியமாகாது என்று அதிகாரிகள் சீறினார்கள். நம் மனுவையே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தோம்.

நான் எழுந்தேன். நடுக்கடலில் ஆளில்லாத தீவுக்கு இரண்டு ராஜ்யங்கள் மல்லுக்கட்டினால் உரிமை யாருக்கு? முதலில் கண்டவனுக்கா, படத்தில் வரைந்தவனுக்கா, தொடர்ந்து ஆண்டவனுக்கா? தேசங்களுக்கு இடையிலான சட்டத்தை எடுத்துவைத்து மத்தியானம்வரை முழங்கினேன். ஓர் அதிகாரி கொட்டாவி விட்டார்.

பிறகு சம்பங்கி எழுந்தார், ஜரிகைத் தலைப்பாகையைத் தடவிக்கொண்டு. நான் படித்த புத்தகத்தைத்தான் அவரும் படித்தார். எதிராளி தன் வாயால் ஒப்புக்கொண்டதைவிடப் பெரிய சாட்சியம் இல்லை என்ற பக்கம் எனக்கும் மனப்பாடம். எனக்கு ஏன் தோன்றவில்லை? அக்கரை மணியக்காரர் தசரதனைப் பார்த்து அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“தகராறுக்கு முன்னாடி, ஏரி வத்தனப்ப, திட்டுல ஆடு மேய்க்க யாரைங்க கேட்டீங்க?”

“சுரங்கத்து ஆளுங்களத்தான் கேட்டேன். அவங்க பொணத்தப் பொதைச்ச எடமாச்சே, கேக்காம எப்டிங்க கால் வெக்கறது?”

திட்டு நமதாயிற்று. சம்பங்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனீர்கள். அந்த நெரிசலில் என் குடையை உங்களில் யாரோ மிதித்து உடைத்துவிட்டார்.

தோற்றுப்போன தசரதனே இதோ முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் ஜெயித்த வழக்கின் எதிராளிகள் என் சாவுக்கு வருவார்களா? வந்தாலும், போனது நிஜம்தானா என்று பார்த்துப்போகத்தான் வருவார்கள்.

ஆனால் தசரதனின் ஊரார் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். இனி யார் வாதாடுவது? சம்பங்கியின் மனைவி குணசுந்தரி அம்மாள் நேற்று என் வீட்டுக்கு வந்தார். சம்பங்கி கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“‘கேஸை தாமோதரன் கையில குடு. அவனுக்கு எம்மேல பொறாமை. நான் ஜெயிச்சத அவன் தோத்துட்டு வரமாட்டான்’னு சொன்னாருங்க.”

சம்பங்கி அவர்களே! அதையும் தெரிந்துதான் எதிரே உட்கார்ந்திருந்தீரா? ரத்தினம்மா, கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கிடக்கும் மண்ணில் ஏர் இறங்க விடமாட்டேன். சம்பங்கி ஜெயித்தது இரண்டு அதிகாரிகள் முன்னால். நான் பெரிய துரைமார் முன்னால் ஜெயித்துக் காட்டுகிறேன்!