வழுக்கியது என்று எழுதாதீர்கள்

குனோங் ராபாட் பக்கத்துச் செம்மண் மழை பெய்தால் வழுக்கும் என்பது உண்மைதான், இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கம் ஐயா. புந்தோங்கிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நானே மோட்டார் சைக்கிளோடு விழுந்திருக்கிறேன்.

அதனால் எங்கள் வெள்ளைக்காரத் துரை செத்தது விபத்து என்று நீங்கள் எழுதியதில் தப்பில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும், என்னோடு வேலை செய்யும் சன்னாசியும் அதைத்தான் சொன்னான்: "வழுக்கிருச்சுன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே. வீட்டுக்குப் போலாம்லா. அண்ணி சோறாக்கி வச்சிருக்கு." நல்ல பையன். அவன் பேச்சைக் கேட்டால் சோறு, இல்லையென்றால் தூக்குக் கயிறு. அது எனக்கும் தெரியும்.

ரப்பர் மரங்களை வேரோடு தள்ளி, வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்கிறோம். புல்டோசர் ஓட்டுவது நான். மேற்பார்வை ரைன்ஹார்ட் துரை, ஜெர்மன்காரர். சண்டைக் காலத்தில் டாங்கிப் படை அதிகாரி. போலந்தில் சார்ஜெண்டு, பிரான்சில் லெப்டினன்ட், ரஷ்யாவில் கேப்டன். மூன்று டாங்கிகள் அவருக்கடியில் எரிந்தனவாம். மனுஷனுக்கு மீசைகூடக் கருகவில்லை. பனியில் இரண்டு கால்விரல் போனது. அதை நாங்கள் ரொட்டி தின்கிற நேரமாகப் பார்த்து, பூட்ஸைக் கழற்றிக் காட்டுவார். சண்டை முடிந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அவருக்கு மட்டும் முடியவே இல்லை.

பதக்கம் வாங்கிய கதைதான் அவருக்கு உயிர். பதுங்குகுழியில் இரண்டு ரஷ்யப் பையன்கள். குழிமேல் டாங்கியை நிறுத்தி, ஒரு பக்கச் சக்கரச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தி மறுபக்கத்தை ஓடவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். குழி மூடிக்கொள்ளும். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது போல் கையைச் சுற்றிக் காட்டுவார்.

அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. அதற்காகத்தான் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

போன வாரம், புது ஆட்கள் புல்டோசரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று, ஒரு குழி வெட்டச் சொல்லித் துரை தானே அதில் படுத்தார். நான் குழிக்கு மேலே நேராக ஓட்டிப் போனேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் தன் ரப்பர் தோட்டத் தமிழில் சொன்னார்: "பத்துமலை நேரா மட்டும் ஓட்டும். திருப்புறது இந்த ஆளுக்கு வராது."

அன்றிலிருந்து என் பெயர் நேர்ரோட்டுப் பத்துமலை. சாப்பாட்டுக் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் மனைவி பாப்பாவும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆளில்லை.

நேற்று முதலாளி வேலையைப் பார்க்க வந்தார். அவருக்கும் வித்தை காட்ட வேண்டாமா, துரை மறுபடி குழிக்குள் இறங்கினார். மழை விட்டிருந்தது. நான் குழிமேல் வந்து நிறுத்தி, இடது சங்கிலியைப் பிடித்து வலதை விட்டேன். ஒரு முழுச் சுற்று. எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. துரை கத்தினாரா என்று கேட்டீர்கள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது, ஐயா. அவரே சொல்லியிருக்கிறார்.

முதலாளி ஓடி வந்து, "லிச்சின் கா, பத்து?" என்று மலாயில் கேட்டார், வழுக்கிவிட்டதா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள். நேர்ரோட்டுப் பத்துமலைக்கு வழுக்காமல் வேறு என்ன நடக்கும்?

மோட்டார் சைக்கிள் வேறு, ஐயா. புல்டோசரில் எனக்கு ஒருநாளும் வழுக்கியதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, திருப்பினேன் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

சன்னாசியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் சாப்பிட வரமாட்டேன் என்று பாப்பாவிடம் சொல்லட்டும். ஒரே தடவையில் திருப்பினேன் என்பதையும் மறக்காமல் சொல்லட்டும். இனிமேல் சிரிக்கமாட்டாள்.