ஐந்து ம்பாங்கோக்களின் அரசி சிஸ்டர் உமாஸி கரீசா அவர்களுக்கு

மினாசினி மண்ணின் மாதர் மனமெல்லாம் மகிழ்ந்தேத்தும் மாதரசியே! தென்னந்தோப்பின் கடைக்கோடிக் குடிசைக்கும் கால் கடுக்க நடந்த கருணையின் கருவூலமே! கேட்பதையே கலையாக்கி, கேட்டதையே காவலாக்கிய கேள்வியின் செல்வியே! எங்கள் சிஸ்டர் உமாஸி கரீசா அவர்களே!

வணக்கம் பல. வாழ்த்துப் பல. ஒரே ஒரு வேண்டுகோள்: இம்மடலை நாங்கள் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து நாற்காலியில் அமர்ந்திருங்கள். நடுவில் எழுந்து, "யாருக்கு மஹம்ரி பணியாரம் வரலை? யாரு வெறும் டீ குடிக்கறது?" என்று விசாரிக்கக் கூடாது. முப்பத்தோராண்டு நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் பதில் சொன்னோம். பணி ஓய்வு பெற்று நீங்கள் விடைபெறும் இன்று ஒருநாள் நாங்கள் பேச, நீங்கள் கேளுங்கள்.

கடற்காற்றும் கள்வாசமும் கலந்து வீசும் இவ்வூரில், பேறுகாலம் பார்க்கவும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடவும் வந்து சேர்ந்தீர்கள். வந்த வேலையைச் செவ்வனே செய்தீர்கள். அதற்குமேல் வராத வேலையையும் வலிய இழுத்துச் செய்தீர்கள். சோர்வறியாச் சுறுசுறுப்பு, சினமறியாச் சிரித்த முகம், கைப்பட்டதும் காய்ச்சல் விலகும் கைராசி என்றெல்லாம் உங்கள் அருங்குணங்களை அடுக்கலாம். ஆயினும் உள்ளதைச் சொன்னால், உங்களுடைய தலையாய குணம் நச்சரிப்புதான். "உமாஸிகிட்டத் தலைவலின்னு போனா, தலையணை யாரு தைச்சதுன்னு கேப்பா" என்று கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொள்வது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழுந்தும் நீங்கள் விட்டீர்களா? இல்லையே.

அந்த நச்சரிப்பின் அருமையை நாங்கள் உணர்ந்த ஒரு நிகழ்ச்சியை இந்த நல்லவையில் நவில விழைகிறோம். சிதி என்னும் பெண்ணின் கதை அது. அவளே எங்களுக்கு ஒன்றுவிடாமல் சொல்லி, "சபையில சொல்லுங்க, எனக்கென்ன வெக்கம்?" என்று அனுமதியும் தந்திருக்கிறாள். அந்த அனுமதி மட்டும் இல்லையென்றால், நோயாளி பேச்சை வெளியில் சொன்ன குற்றத்துக்காக இந்த மேடையிலேயே எங்கள் காதைத் திருகியிருப்பீர்கள்.

சிதியின் கணவன் சாரோ, கள்ளிறக்கும் தொழிலாளி. மூத்தவன் கஹிந்தி மார்பை விடுமுன்னே அடுத்தது வயிற்றில் வந்துவிட்டது. அந்த இரண்டாவது பிள்ளை டாமா பிறந்தபோது சிதிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், மறுபிழைப்புப் பிழைத்து வந்தாள். "ரெண்டு வருஷமாவது உடம்பு ஆறணும்மா. உடனே இன்னொண்ணு வந்தா தாங்கமாட்டே" என்று அங்கே டாக்டர் சொல்லி அனுப்பினார். நான்கு மாதக் கைக்குழந்தையை லேசோத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு அவள் உங்கள் முன் வந்து உட்கார்ந்தபோது, அவள் தேடி வந்தது தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு வழி.

"முன்னே மாத்திரை போட்டேன் சிஸ்டர். மறந்து மறந்து போச்சு. எனக்கு மண்டையில ஒண்ணும் நிக்காது" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும், ஞாபகமாய்ப் போடக்கூடாதா என்று ஓர் அதட்டல் போட்டிருப்பார்கள். நீங்களோ, "மாத்திரையை எங்கே வெச்சிருந்தே?" என்றீர்கள்.

"மாவு டப்பாவுக்கு அடியில. மாமியார் கண்ணுல படக்கூடாதே."

"உகாலிக் களி யாரு கிண்டுவாங்க?"

"பாதி நாள் நான். பாதி நாள் மாமியார்."

"அவங்க கிண்டற நாள்ல டப்பாகிட்ட எப்படிப் போவே?"

மாமியார் அடுப்படியில் நின்ற நாளெல்லாம் அந்த மாத்திரையை எடுக்கவே முடியவில்லை என்பது அப்போதுதான் சிதிக்கு உறைத்தது. "அட, நான் மறக்கவே இல்லையே சிஸ்டர்" என்றாள். மண்டு, மண்டு என்று தன்னைத்தானே கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவளுக்கு, கோளாறு மண்டையில் இல்லை, வைத்த இடத்தில்தான் என்று விளங்கியதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

பிறகு வழக்கம்போல உங்கள் புகழ்பெற்ற தட்டை அவள் முன் வைத்தீர்கள். மாத்திரை, ஊசிமருந்து, கைக்குச்சி, காப்பர்-டி, ஆணுறை என ஐந்தும் அதில் வரிசையாக இருந்தன. "தொட்டுப் பாரு, இழுத்துப் பாரு, எங்கிட்ட எதை வேணா கேளு" என்றீர்கள். சிதிக்கு முதலில் கூச்சம்; அப்புறம் ஆவல். காப்பர்-டியைத் தூக்கிப் பார்த்து, "தூண்டில் முள்ளு மாதிரி இருக்கே" என்றாள். தீக்குச்சியளவு இருந்த கைக்குச்சியை வளைத்துப் பார்த்தாள்.

"இது நடந்து போய் நெஞ்சுல குத்திடுமாமே?"

"நடக்க அதுக்கு ஏது காலு? தோலுக்கு அடியில வெச்ச இடத்துலயே கிடக்கும். வருஷக்கணக்குல வேலை செய்யும். தடவிப் பார்த்தா கைக்குத் தெரியும், அவ்வளவுதான்."

"தடவினா தெரியுமா? அப்போ வேணாம் சிஸ்டர். ஊசிதான் நல்லது. யாருக்கும் தெரியாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

அத்தோடு விட்டீர்களா? மாதவிலக்கு வந்துவிட்டதா என்று கேட்டீர்கள், வந்துவிட்டது என்றாள். பால்கொடுப்பதை நம்பி இனிச் சும்மா இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, புருஷன்கூட எப்படி என்று கேட்டீர்கள். சிதி தரையைப் பார்த்தாள்.

"அவர் கள்ளுக்குடுவை வைக்கிற கொட்டகையில படுக்கறார் சிஸ்டர். டாமா பொறந்ததிலேருந்து அங்கேதான். வெளியில எதோ ம்பாங்கோ இருக்குபோல."

எங்கள் ஊர்ப்பேச்சில் ம்பாங்கோ என்றால் திட்டம். குடும்பத் திட்டமும் ம்பாங்கோதான். கட்டியவளுக்குத் தெரியாமல் ஓரமாய் வைத்துக்கொள்ளும் தொடுப்பும் ம்பாங்கோதான். ஒரே சொல்லின் ஒரு முகம் ஆஸ்பத்திரியைப் பார்க்கும், மறுமுகம் அடுத்த தெருவைப் பார்க்கும்.

"அப்போ உனக்கு எதுக்கு இந்தத் தட்டு?" என்று கேட்டீர்கள்.

"ஒருநாள் உள்ளே வருவார் இல்லே?" என்றாள் சிதி. "வரணும்னு ஆசையாவும் இருக்கு. வந்தா என்ன ஆகுமோன்னு பயமாவும் இருக்கு."

அன்றே ஊசியைப் போட நீங்கள் தயாராகத்தான் இருந்தீர்கள். அவளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. யோசித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள். ஆத்திர அவசரத்துக்கு வைத்துக்கொள் என்று நீங்கள் கொடுத்த ஆணுறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கொட்டகைக்குப் போய் நீட்டவா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்துக்கொண்டும் போனாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி நடந்து, மூக்கும் முழியும் முளைத்துவிட்டது. சிதி ம்பாங்கோவுக்குப் போய்வருகிறாள் என்று கிணற்றடியில் ஒருத்தி நல்ல அர்த்தத்தில்தான் சொன்னாள். கேட்ட மாமியாருக்கு அது கெட்ட அர்த்தத்தில் ஏறியது. நேரே தோப்புக்குப் போய், மரத்து உச்சியில் பாளை சீவிக்கொண்டிருந்த மகனை அண்ணாந்து பார்த்து, "டேய் சாரோ, உன் பெண்டாட்டிக்கு ம்பாங்கோ இருக்காம்டா! ஆஸ்பத்திரிப் பக்கமாம்!" என்று குரல் கொடுத்தாள். கள் நுரைக்கும் குடுவையை அப்படியே மரத்தில் விட்டுவிட்டு இறங்கினான் சாரோ.

நம் நிலையத்துக்குள் அவன் நுழைந்த நேரம், சிதி பச்சைத்திரைக்கு உள்ளே ஊசிக்காகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தாள். கணவனின் குரல் கேட்டதும் மடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "எங்கே அவன்? வெளியே வரச்சொல்லுங்க" என்று வரிசையில் நின்ற பெண்களெல்லாம் ஒதுங்கும்படி சத்தம் போட்டான். இடுப்பில் பாளைக்கத்தி. மருந்தறைக் கதவிடுக்கில் கண்ணை வைத்தபடி, இன்றைக்கு என்ன ஆகப்போகிறதோ என்று நாங்கள் நின்றோம்.

"யாரைத் தேடறீங்க தம்பி?" என்றீர்கள் நீங்கள்.

"என் பெண்டாட்டியோட ம்பாங்கோவை."

"உங்க பெண்டாட்டி இங்கே வர்றாளா, வரலையா, அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ம்பாங்கோவைத்தான் பார்க்கணும்னா தாராளமா காட்டறேன். கத்தியை அந்த ஜன்னல்ல வெச்சுட்டு உட்காருங்க."

தட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தீர்கள். "மொத்தம் அஞ்சு பேரு. எவனை வெட்டணும், சொல்லுங்க."

சாரோ தட்டைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், காப்பர்-டியை நெடுநேரம் பார்த்தான். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகத்தில் கோபம் வடிந்து அசடு வழிந்தது. எழுந்து போகப் பார்த்தவனை அப்படியே அனுப்பியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். உங்களுக்குத்தான் கேள்வி ஓயாதே. எந்தத் தகப்பன் வந்தாலும் நீங்கள் கேட்பதை அவனிடமும் கேட்டீர்கள்.

"கடைசிப் புள்ளை பொறந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்க தம்பி?"

அவன் குரல் இறங்கிப் போனது.

"வாசல்ல. அவ படுத்திருந்த மெத்தையை வெளியில கொண்டுவந்து போட்டாங்க. அவ்வளவு ரத்தத்தை நான் பார்த்ததே இல்ல சிஸ்டர். அவ போயிட்டான்னே நெனைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கொட்டகையில படுத்துக்கறேன். கிட்டப் போனா மறுபடி புள்ளை. மறுபடி புள்ளைன்னா அவ செத்துடுவா. எனக்குத் தெரிஞ்ச ம்பாங்கோ அது ஒண்ணுதான்."

"இதை அவகிட்ட சொன்னீங்களா?"

"பயமா இருக்குன்னு ஒரு ஆம்பளை எப்படி சிஸ்டர் சொல்றது?"

திரைக்குப் பின்னே அத்தனையும் சிதியின் காதில் விழுந்தது. இத்தனை மாதமாய் முச்சந்திக் கள்ளுக்கடைக்காரிதான் அந்த ம்பாங்கோ என்று தானாகவே முடிவு கட்டி, பாவம், அந்தப் பெண்ணைத் தினமும் சபித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் ஒதுங்கியவனை வெறுப்பில் ஒதுங்கியதாக எண்ணி, விடிந்ததும் அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்பு மூட்டியிருந்தாள். முதலில் அவளுக்குக் கோபம்தான் பொங்கியது; அட பாவி மனுஷா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. கோபம் அடங்குமுன்னே அழுகை முந்திக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சாரோ தட்டோடு எழுந்து நின்றான்.

"நாலு மாசமா நான் என்ன நெனைச்சேன் தெரியுமா?" என்றாள் சிதி.

"என்ன?"

"உங்களுக்குத்தான் வெளியில ம்பாங்கோன்னு."

வரிசை மொத்தமும் வாய்விட்டுச் சிரித்தது. சாரோவும் சிரித்தான், சிரிக்கும்போதே கண்ணீர் வந்துவிட, தோளால் துடைத்துக்கொண்டான். சிதி உங்கள் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், ஊசி வேணாம். குச்சியை வைங்க."

"தடவினா தெரியும்னு வேணாம்னியே?"

"தெரியட்டும். இனிமே எதை யாருகிட்ட ஒளிக்கணும்?"

அப்போதும் உங்கள் கேள்வி தீரவில்லை. மாதவிலக்கு முன்னேபின்னே ஆகலாம், சம்மதமா? பிடிக்காவிட்டால் எந்நாளும் வந்து எடுத்துக்கொள்ளலாம், தெரியுமா? இவர் சொல்வதற்காகக் கேட்கிறாயா, நீயாகக் கேட்கிறாயா? எல்லாவற்றுக்கும் சிதி நிமிர்ந்து பதில் சொன்னாள். குச்சி வைத்து முடித்துக் கட்டுப் போட்டதும், சாரோ குழந்தையை வாங்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து கொட்டகையில் குடுவைகள் மட்டுமே இருந்தன என்று சிதி சொல்லக் கேட்டோம்.

பெருந்தகையே! பெண்டிர் பலரும் பேதையர் என்று எண்ணி, இதைப் போடு, அதைச் செய் என்று ஏவிவிட்டுப் போவார் உலகில் பலருண்டு. எவளும் பேதையல்லள், அவளைச் சூழ்ந்த வாழ்க்கை இன்னதென்று கேட்டறிய ஆளில்லை என்று கண்டவர் நீங்கள். உங்கள் தட்டை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். உங்கள் வாயையும் விட்டுச்சென்றால் நன்றாயிருக்கும். அதற்கு உங்கள் வீட்டார் சம்மதிக்கமாட்டார்கள், அல்லது சம்மதித்தே விடுவார்கள்.

முழங்கால் நோவாமல், முகப்பொலிவு மங்காமல், பேரப்பிள்ளைகள் பதில் சொல்லிக் களைக்கும்வரை கேள்வி குறையாமல், கடலும் காற்றும் உள்ளளவும் நீங்கள் நலமே வாழ்க என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்.

இப்போது நீங்கள் எழுந்து திரும்பிப் பார்க்கலாம். இரண்டாவது வரிசையில், சாரோவுக்குப் பக்கத்தில், நல்ல உடம்போடு சிதி உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் அடுக்கிய அடைமொழியெல்லாம் ஒருபுறம் கிடக்கட்டும் சிஸ்டர். அவள் இருக்கிறாள்.

என்றும் உங்கள் கேள்விக்குக் கடன்பட்ட,
மினாசினி சுகாதார நிலைய ஊழியர்கள்