கிருமி இல்லாத தண்ணீர்

இந்த டம்ளரைக் கொஞ்சம் மாற்றித் தரச் சொல்லுங்கள், மேடம். யாரோ குடித்த காப்பிக் கறை விளிம்பில் அப்படியே இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம், சின்ன வயதிலிருந்தே எனக்கு அழுக்கு ஆகாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்கூட இறங்கியதும் கை கழுவ இடம் தேடுவேன்.

நன்றி. இனிச் சொல்கிறேன்.

ஏற்காட்டில் நான் பார்த்த வேலையும் சுத்தம் சம்பந்தப்பட்டதுதான். வெள்ளியை நானோ துகளாக்கி, புண்ணுக்குக் கட்டும் துணி செய்கிறவர்களுக்கு விற்கிறோம். அந்தத் துகள் பட்டால் கிருமி பிழைக்காது. பழைய முறையில் பெரிய கலனில் ஊற்றிக் கலக்குவார்கள். துகள் ஒன்று கடுகு, ஒன்று மிளகு என்று கன்னாபின்னாவென்று வரும். நான் அமைத்தது சுழலும் தட்டு. வெள்ளிக் கரைசலும் அதைத் துகளாக்கும் ஹைட்ரசீனும் தட்டின் நடுவில் விழும். மெல்லிய படலமாக விரிந்து விளிம்புக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். ஒரு துகளைப் போலவே இன்னொரு துகள், பார்க்கவே அவ்வளவு அழகு. சோதனைக்கு ஒரு தட்டு வைத்தோம். கம்பெனி ஆறு கேட்டது. ஆறும் வைத்துக் கொடுத்தேன்.

தட்டு பெருகியது, கழிவுத் தொட்டி பெருகவில்லை. கழிவில் கொஞ்சம் வெள்ளித் துகளும் ஹைட்ரசீனும் மிச்சமாக வரும். ஹைட்ரசீன் விஷம். அதைத் தொட்டியில் தேக்கி, விஷத்தை முறித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். ஒரு தட்டுக்குக் கட்டிய தொட்டி ஆறு தட்டுக் கழிவை எப்படித் தாங்கும்? புதுத் தொட்டி கட்டும்வரை தட்டுகளை நிறுத்தலாம் என்று ஆபரேட்டர் மாதேஷ் சொன்னான். அவன் இந்த மலைக்காரன், உற்பத்தி நின்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. தொட்டிக்குப் போகாமல் நேரே ஓடைக்குப் போகிற குழாயை நான்தான் திறந்துவிட்டேன்.

அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். பழத்தோல் உரித்த தண்ணீரை இங்கே ஓடையில்தான் விடுகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பழுப்பு நுரை, மூக்குச்சளி மாதிரி இழுபடும் கோழை, அழுகிய தோல், அதன்மேல் மொய்க்கிற ஈ. அந்த நாற்றம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. அந்தச் சாக்கடையில் விழுந்ததிலேயே சுத்தமானது என் கழிவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே ஓடைக்கரை மணலில் குழி தோண்டி, ஊறி வருகிற தண்ணீரை மொண்டு குடிப்பார்கள் கீழே இருப்பவர்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும். மணல் தோலை நிறுத்தும், நுரையை நிறுத்தும். கரைந்து வருகிற விஷத்தை நிறுத்தாது. இது எனக்குத் தெரியும்.

ஒரு நாள் கீழ்த்தோட்டத்துச் சித்தன் தட்டுகள் ஓடும் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். தோல் உரித்த காப்பிக் கொட்டையைக் குழித் தண்ணீர் ஊற்றித் தொட்டியில் ஊறவைத்தால் மேலே இருக்கும் கோழை புளித்துக் கழன்றுவிடும். குச்சியை விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். குழி மூடாமல் நின்றால் கழுவலாம்.

"ஏனுங்க சார், குச்சிய உட்டு எடுத்தா குழி நிக்கவே மாட்டேங்குதுங்க. கோழை அப்படியே வழுவழுன்னு கெடக்குது. சேர்வராயன் சாமிக்குப் பழம் வெக்கறதுக்கு முந்தி உரிச்சுப்புட்டேன். அந்தக் குத்தமா இருக்குமுங்களா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோழையைத் தின்று கரைப்பது கிருமிகள். என் வெள்ளி அவற்றைக் கொன்றிருக்கிறது. அவ்வளவு தூரம் ஓடி, மணலில் வடிந்தும் வேலை செய்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறைப்பானேன்?

"ஊட்ல எம் பொண்டாட்டி சின்னத்தாயிக்கும் நொம்ப முடியலீங்க," என்றார். "வாந்தியா எடுக்குது, கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்குது. எனக்கென்னமோ தண்ணி மேல சந்தேகம். இப்ப மேல்சொனையில இருந்துதான் சொமக்கறோம். இதச் சேலத்துல குடுத்துப் பாக்கலாம்னு இருக்கறனுங்க."

குழித் தண்ணீரை ஒரு பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். நகமெல்லாம் கறுப்பு, பாட்டில் முழுக்கக் கோழைப் பிசுபிசுப்பு. காகிதம் சுற்றித்தான் வாங்கினேன்.

"சேலம் எதுக்குங்க? நம்மகிட்டயே மைக்ராஸ்கோப் இருக்குது."

அப்படியே கொட்டிவிட்டு, பார்த்துவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சொட்டு சொட்டாக வைத்து உண்மையாகவே பார்த்தேன். மறுநாள் வந்தபோது சொன்னேன்: "தண்ணியில ஒரு கிருமிகூட இல்லீங்க, சித்தன்."

அது பொய் இல்லை, மேடம். இந்த மலையிலேயே அவ்வளவு கிருமியற்ற தண்ணீர் வேறெங்கும் இருந்திருக்காது. ஹைட்ரசீன் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப சாமிக் குத்தந்தானுங்க," என்றார். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தலையாட்டினேன். மேல்சுனைக்கு ஏறுவதை விட்டுவிட்டு அன்றே குழித் தண்ணீருக்குத் திரும்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்த சின்னத்தாயி எனக்காக வெல்லக் காப்பி போடச் சொல்லி ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பியிருந்தது. கழுவு தொட்டியில் கொட்டினேன். தூக்குப்போசியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். காப்பி நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

அதன்பிறகு அந்த அம்மாவுக்கு வலிப்பு வந்தது. சேலத்துக்குக் கொண்டுபோன ஜீப் அடிவாரம் சேருமுன்பே உயிர் போய்விட்டது. மடியில் தாங்கிப் பிடித்திருந்தவன் மாதேஷ். அவன் சட்டையெல்லாம் வாந்தியோடு நேரே ஷெட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, தரையில் காறித் துப்பினான். சுழல் தட்டுகள் ஓடுகிற அறையில், மேடம். அந்த இடத்தை நானே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்தது அவன்தான் என்று தெரியும்.

குழாயை அப்போதாவது மூடினேனா என்று கேட்டால், இல்லை. தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

என் அறையில் அடுக்கியிருந்த கேன்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அடிவாரத்துக் கடையிலிருந்து வரவழைத்த தண்ணீர்தான். குழாயைத் திறந்த அன்றைக்கே ஜீப் டிரைவரிடம் சொல்லிவிட்டேன். குடிக்க, பல் விளக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். இதைப் போய் எனக்கு எதிராக எழுதிக்கொள்ளாதீர்கள். சுத்தம் பார்க்கிறவன் வேறென்ன செய்வான்?