குப்பைமேட்டில் போட்ட டீசல் சாக்கு

என் பெயர் ரேணுகாம்பாள். வயது எழுபத்தாறு. கணவர் ராமகிருஷ்ணன், காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருவண்ணாமலை நகர எல்லையில், கீழ்பென்னாத்தூர் செல்லும் சாலையை ஒட்டிய சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். வேலூரில் கன்னியர் நடத்திய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு வரை படித்தேன். தமிழும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியும். யாரும் அழைக்காமல், நானே இன்று காலை ஒன்பது மணிக்கு இந்த நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் அருணாதேவி முன்பு இதைச் சொல்கிறேன்.

வீட்டின் பின்புறம் எனக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. சிறிய டிராக்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். அதை ஓட்டுபவர் ஆதிமூலம், வயது ஐம்பத்திரண்டு, என்னிடம் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். தீபத் திருவிழா நாட்களில் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவதால் டிராக்டரைப் பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் திருவிழாவுக்கு முன்பே இருபது லிட்டர் கேன்கள் இரண்டில் டீசல் வாங்கி, வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கொட்டகையில் வைப்பேன்.

டீசல் ஊற்றும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. கேனை பெஞ்சின் மேல் தூக்கி வைப்பது மட்டும் ஆதிமூலத்தின் வேலை. இன்ஜின் நின்று கால் மணி நேரம் ஆன பிறகே மூடியைத் திறப்பேன். புனலில் வெள்ளைத் துணி கட்டி, குழாய் வழியாக வடிகட்டித்தான் இறக்குவேன். கேனின் அடியில் தங்கும் இரண்டு விரற்கடை டீசலை ஊற்ற மாட்டேன், தண்ணீரும் கசடும் அதில்தான் இருக்கும். சிந்துவதை உறிஞ்சக் கீழே சாக்கு விரித்திருப்பேன். வேலை முடிந்ததும் அந்தச் சாக்கை மூடி போட்ட இரும்பு டிரம்மில் போடுவேன். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் என் டிராக்டர் டீசல் அடைப்பினால் ஒரு நாள்கூட நின்றதில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாள் இதைப் பார்க்கும்போதெல்லாம், "ஏன்க்கா, டீசல் ஊத்துறீங்களா, சாமிக்கு அபிஷேகம் பண்றீங்களா? இம்மாம் சடங்கு!" என்று கேலி செய்வது உண்டு.

நேற்று, தீபத்துக்கு மறுநாள், மாலை நான்கரை மணிக்கு, இன்று காலை மணிலாக் கடலை விதைப்புக்கு உழ வேண்டியிருந்ததால் டீசல் ஊற்றத் தொடங்கினேன். பாதி இறங்கியபோது பூனாவிலிருந்து என் மகள் வினோதினி வீடியோவில் அழைத்து, மலை உச்சியைக் காட்டச் சொன்னாள். ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை மலைப் பக்கம் திருப்பினேன். அப்போது குழாய் துள்ளி வெளியே விழுந்து, சுமார் இரண்டு லிட்டர் டீசல் சாக்கின் மேல் கொட்டியது. ஆதிமூலம் ஓடிவந்து குழாயைப் பிடித்தார். அவர் மேல் சந்தேகம் வரக் காரணமான டீசல் அவர் கைகளிலும் சட்டையிலும் பட்டது இப்படித்தான்.

அதன் பிறகு ஆதிமூலம், "சாக்கை நான் டிரம்ல போட்டுட்டுப் போறேன்மா" என்றார். என் கையால் டீசல் சிந்தியதை அவர் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு டிரம்மைத் திறந்து பார்த்தபோது, மூடியின் இடுக்கு வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் பாதி நின்றிருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டுச் சாக்கைப் போட்டிருக்க வேண்டும். விளக்கேற்ற நேரமாகிறது என்று சாக்கை எடுத்துப்போய், எனக்கும் மணியம்மாளுக்கும் பொதுவாக வேலியோரம் இருக்கும் குப்பைமேட்டில் போட்டுவிட்டேன். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நேற்று குப்பைக் கார்த்திகை. குப்பைமேட்டிலும் ஒரு அகல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மணியம்மாள் ஆண்டுதோறும் அந்த மேட்டில்தான் வைப்பார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஆறேகால் மணிக்குச் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது சாக்கிலிருந்து தீ மணியம்மாளின் வைக்கோல் போருக்குத் தாவியிருந்தது. நான் போர்வெல் மோட்டாரைப் போட்டு, ஓஸைப் பிடித்து அவருடைய மாட்டுக் கொட்டகையின் கூரையை நனைத்துக்கொண்டே இருந்தேன். தெருவில் இருந்த ஆதிமூலம் ஓடிவந்து, உள்ளே கட்டியிருந்த இரண்டு மாடுகளையும் அவிழ்த்துவிட்டார். அவருடைய இடது முழங்கை வரை தோல் வெந்துவிட்டது. மாடுகள் பிழைத்தன. போர் முழுவதும் சாம்பலாயிற்று.

அதன் பிறகு ஆதிமூலம் அரசு மருத்துவமனைக்குப் போனார். இன்று காலை ஏழு மணிக்கு அவர் மனைவி ரேவதி வந்து சொன்ன பிறகே, அங்கிருந்து அவரை நிலையத்துக்கு அழைத்து வந்தது எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்பு வரப்பில் டிராக்டர் ஏறியதற்காக மணியம்மாளுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை நடந்தது. அதை மனதில் வைத்துக் கொளுத்திவிட்டார் என்று மணியம்மாள் புகார் கொடுத்திருக்கிறார். தான் கொளுத்தவில்லை, ஆனால் சாக்கைக் குப்பைமேட்டில் போட்டது தானே என்று ஆதிமூலம் சொல்லியிருக்கிறார். அது பொய்.

நிலையத்தில் என்னைக் கண்டதும் ஆதிமூலம் எழுந்து, "நீங்க எதுக்கும்மா இங்கெல்லாம் வந்துக்கினு? ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவேன். உங்க பேரு கெடக் கூடாதுமா" என்றார். "என் பேரு என்னுது. அதுக்கு உன்னை யாரு காவல் வச்சது? உட்காரு, கையில கட்டு நனையாம பாத்துக்க" என்று சொன்னேன்.

டீசல் சாக்கைக் குப்பைமேட்டில் போட்டது நான்தான் என்று உதவி ஆய்வாளரிடம் சொன்னேன். அங்கே இருந்த மணியம்மாள் இதைக் கேட்டு, "அய்யோ அக்கா, அது தெரியாம நானே இல்ல நெருப்பை வச்சிட்டேன்!" என்று அழுதார். குப்பைக் கார்த்திகைக்குக் குப்பைமேட்டில் விளக்கு வைத்தது அவர் குற்றம் ஆகாது. அடுத்த அறுவடை வரை அவருடைய மாடுகளுக்கு என் போரிலிருந்து வைக்கோல் போகும் என்று அவரிடம் சொன்னேன்.

உதவி ஆய்வாளர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். "டிரைவரே ஒத்துக்கிட்டாரும்மா. இந்த வயசுல நீங்க கோர்ட்டுக்கு அலையணுமா?" என்று கேட்டார். அலைவேன் என்று சொன்னேன். நான் செய்ததை இன்னொருவர் செய்ததாக எழுதிய காகிதம் எங்கும் இருக்கக் கூடாது. ஆதிமூலம் செய்தது மாடுகளை அவிழ்த்துவிட்டது. அதை அவர் பெயரில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

இந்த வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் நானே முழுவதும் படித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் "முதுமையின் தளர்ச்சியால் சாக்கைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டேன்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தளர்ச்சி எதுவும் இல்லை. முறை என்னவென்று தெரியும், அதை வகுத்தவளே நான், நேற்று அதை மீறினேன். முதல் இரண்டு சொற்களை என் கையால் அடித்து, அடித்த இடத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை அனைத்தும் நான் சொன்னபடியே, உண்மையாக எழுதப்பட்டிருக்கின்றன. எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

(ஒப்பம்) ரா. ரேணுகாம்பாள்