மேனேஜர் ஊட்டுப் பொண்ணு

— அந்தப் பையை எதுக்கு இப்பவே கட்டற தேவி? கருமாதிப் பாத்திரமே இன்னும் கழுவி முடியல.

— அஞ்சு மணிக்கு அவரு காரை எடுத்துட்டு வந்துருவாரும்மா. நான் ரெடியா இல்லீன்னா கெங்கவல்லி போய்ச் சேர்ற வரைக்கும் பேச்சு வாங்கோணும்.

— நாளைக்கு வரச் சொல்லு.

— சொன்னேன். உங்கப்பனுக்கு அழுதது போதும், என் வீட்ல சோறு யாரு ஆக்கறதுன்னு கேக்கறாரு.

— அந்தக் கையக் காட்டு சாமி. வளையல மேல தள்ளு.

— பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேன்னு அன்னைக்கே சொன்னேனல்ல.

— உழுந்தா முட்டி பேரும் கண்ணு. வெரல் வெரலாவா கன்னிப் போவும்?

— இன்னிக்கு வேண்டாம்மா. அப்பா போட்டோவுல மாலை கூட வாடல. வந்தவீங்க அவரப் பத்திப் பேசுனதக் கேட்டியா? ஆத்தாயின்னு ஒரு அம்மா, புருசன் செத்தப்ப அப்பா அவங்க ஊட்டுக்கே பேப்பரோட போயி, கைநாட்டு வாங்கி, பென்சன் வர வெச்சுக் குடுத்தாராம். பேங்க் மேனேஜரு என் ஊட்டு மண் தரையில உக்காந்தாருன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதுச்சு.

— கேட்டேன். அதுல பொய்யே இல்ல. அவரு அப்படித்தான்.

— மெட்ராசுக்குப் பெரிய போஸ்டிங் வந்தப்ப அக்கா மக கயலுக்காக வேண்டாம்னு எழுதிக் குடுத்தாரு. செல்லுல பாத்துப் பாத்து அவளுக்குத் தல பின்னக் கத்துக்கிட்டாரு. அவளுக்குக் காய்ச்சல்னா சோத்துல கை வெக்க மாட்டாரு. எந்தத் தாத்தன் பேத்திய அப்படி வளத்திருக்கறாரு? அக்கா வயித்து வலி தாங்காமத் தூக்குல தொங்குனதுக்கப்பறம் அந்தப் புள்ளைக்காகவே உசுரோட இருந்தாரு. நீதான் இன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. எல்லாரும் பாத்தாங்க.

— உங்கக்காளுக்கு வயித்து வலியே கெடையாது தேவி.

— என்னம்மா சொல்ற?

— அனிதா ஒரு நா மத்தியானம் மேச்சேரியில புருசன் ஊட்டுல இருந்து இடுப்புல கொழந்தையோட வந்தா. ஊட்டுக்கு வரல. நேரா அப்பாகிட்ட, பேங்குக்குப் போனா. காது பக்கம் வீங்கிப் போயி, ஒரு கண்ணு தொறக்க முடியாம இருந்திருக்குது. இனி அங்க போவ மாட்டேன்பா, அடிச்சே கொன்னு போடுவான்னு அழுதிருக்கறா.

— இத உனக்கு யாரு சொன்னாங்க?

— அன்னைக்குப் பொழுதோட கொழந்தையத் தூக்கிட்டு வந்து அவரேதான் சொன்னாரு. ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காபி வாங்கிக் குடுத்து, சமாதானம் பண்ணுனாராம். மேனேஜர் ஊட்டுப் பொண்ணு வாழாம வந்துட்டான்னு ஊரு சிரிக்கும், தங்கச்சிக்கு நாளைக்கு எவன் வருவான், சித்த பொறுத்துக்கோன்னு சொன்னாராம். அப்பறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயி, சீட்டுப் புடிச்சு உக்கார வெச்சுத் திரும்ப அங்கயே தாட்டிவுட்டுட்டாரு.

— அப்பாவா?

— கொழந்தைய மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டாரு, ரெண்டு நா கழிச்சுக் கொண்டாந்து உடறேன்னு. அந்த ஊடு கொழந்தைக்கு ஆகாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது. மகளுக்கு ஆகும்னு நெனச்சுக்கிட்டாரு. விடியறதுக்குள்ள போன் வந்துருச்சு.

— போலீசுல வயித்து வலின்னுதானம்மா இருந்துச்சு.

— ஆமா. அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது உங்கப்பா. கேசு நடந்தா உன்ற பேரும் இழுபடும்னாரு. அவ புருசனுக்கு அடுத்த தையிலயே மறு கல்யாணம் ஆயிருச்சு.

— என்கிட்ட ஏம்மா ஒருத்தரும் சொல்லல?

— நீ காலேஜுல இருந்த. அப்பறம் அவரு கெடந்த கெடையப் பாத்து எனக்கு வாய் வரல. கயலுக்குத் தல பின்னறப்ப அனிதான்னு கூப்புட்டுட்டு, அப்பறம் கயலுன்னு மாத்துவாரு. இந்த மனுசன் இனியொருக்கா அந்தத் தப்பப் பண்ண மாட்டாருன்னு நம்புனேன். அந்த நம்பிக்கையிலதான் இத்தன வருசம் சோறாக்கிப் போட்டேன். இன்னிக்கு அவரு இருந்திருந்தா உன்னைத் தாட்டிவுட மாட்டாரு சாமி.

— போதும்மா. அதப் பேசாத.

— ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?

— ஒண்ணுமில்ல. கார் சத்தம் கேக்குது.

— நீ பையை வெச்சுட்டு உள்ளாற போ. நான் பேசிக்கறேன். வாங்க மாப்பிள்ள, உக்காருங்க.

— உக்கார நேரமில்லீங்கத்த, இருட்டறதுக்குள்ள ஆத்தூர் தாண்டணும். தேவி, கெளம்பு.

— அவ வரலீங்க.

— சரி, நாளைக்கு வரட்டுமா?

— நாளைக்கும் வர மாட்டா. அவ கையப் பாத்துட்டேனுங்க மாப்பிள்ள.

— ஓ, அதானா. புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்குங்கத்த. மாமா இருந்தா நீங்க இப்படிப் பேசுவீங்களா? போன மாசங்கூட இவ கோவிச்சுக்கிட்டு இங்க ஓடியாந்தா. மாமாவே கூட்டியாந்து எங்க வாசல்ல வுட்டாரு. சின்னப் புள்ள, மனசுல வெச்சுக்காதீங்கன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. காபி கூடக் குடிக்காமத் திரும்பிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?

— தேவி... நெசமா?

— நீ பெரியசாமி மாமா ஊட்டு விசேசத்துக்குப் போயிருந்தம்மா. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு தன் தலையில என் கைய வெச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. பஸ்சுல பூரா அழுதுட்டேதான் வந்தாரு. ஆனா எறங்கலாம்னு சொல்லல.

— கேட்டீங்களா அத்த? பெரிய மனுசன் அவரு. பையை எடு தேவி.

— காரை எடுங்க மாப்பிள்ள. கொண்டாந்து உடறதுக்கு இந்த ஊட்டுல இருந்த ஆளு செத்துப் போயிட்டாருங்க.